ஒரே வேன், மூன்று வேலை: மின் வேனின் கவர்ச்சி எங்கே இருக்கிறது?

நெடுவழி:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக ஓட்டிவரும் என் சிறிய காருக்கு ஓய்வு கொடுக்கும் காலம் நெருங்கிவிட்டது. அடுத்ததாக மின் வேன் ஒன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் நிகழ்ச்சிகளுக்குச் சென்று படம் எடுப்பவன். விளக்குகள், தாங்கிகள், பின்திரைகள் என வாரத்தில் மூன்று நான்கு நாள்கள் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. அம்மா சக்கர நாற்காலியில்தான் வெளியே வருவார். இவை போக, வண்டியிலேயே ஓர் இரவு தங்கித் திரும்பும் ஆசை எனக்கும் மனைவிக்கும் நெடுநாளாக உண்டு.

மூன்றுக்கும் ஒரே வண்டி என்றால் வேன்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஏரிக்கரையில் பின்கதவைத் திறந்து வைத்து இருவர் அமர்ந்திருக்கும் அந்த விளம்பரப் படத்தைப் பார்த்து மயங்கித்தான் இந்தத் தேவைகளையெல்லாம் அடுக்குகிறேனோ என்ற ஐயமும் இருக்கிறது. மின் வேனைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள், வாங்கிய பின் எது உண்மையில் பயன்பட்டது, எது வெறும் ஆசையாகவே நின்றுவிட்டது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பெட்டிவண்டி:

இரண்டு ஆண்டுகளாக மின் வேன் வைத்திருக்கிறேன். வாங்கும்போது எல்லோரையும் போல நானும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டேன்: ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்? இப்போது யாராவது என்னிடம் அதைக் கேட்டால், வண்டி நிற்கும்போது அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். காரை நிறுத்தினால் அதன் வேலை முடிந்துவிடும். வேனுக்குப் பெரும்பாலும் நிறுத்திய பிறகுதான் வேலை தொடங்குகிறது. மின் வேனின் தனித்தன்மை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். டீசல் வேனில் தங்குபவர்கள் கூடுதலாகப் பொருத்திக்கொள்ளும் 100 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் ஈய அமில பேட்டரியில் மொத்தமே 1.2 யூனிட் மின்சாரம் இருக்கும். அதன் ஆயுள் குறையாமல் எடுக்க வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்கலாம். நடுத்தர மின் வேன் ஒன்றின் பேட்டரியிலோ 70 யூனிட்டுக்கு மேல் இருக்கிறது. ஒரு சிறிய குளிர்பெட்டி ஒரு நாள் முழுவதும் ஓடினாலும் அரை யூனிட் அளவில்தான் எடுக்கும். 1,800 வாட் மின் அடுப்பில் இருபது நிமிடம் சமைத்தால் 0.6 யூனிட். குளிர்ந்த இரவில் எட்டு மணி நேரம் உட்புறத்தைச் சூடாக வைக்கச் சராசரியாக ஒரு கிலோவாட் என்று கொண்டால் 8 யூனிட் செலவாகும். அதாவது மறுநாள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடக்கூடிய மின்சாரத்தை இரவில் தூக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். இஞ்சின் உறுமல் இல்லை, புகை இல்லை, பக்கத்தில் நிறுத்தியிருப்பவர் எழுந்து வந்து சண்டை பிடிப்பதும் இல்லை.

காற்றெதிர்ப்பு:

பெட்டிவண்டி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தூரத்தைப் பற்றிய கேள்வியை அவர் கொஞ்சம் எளிதாகத் தள்ளிவிட்டார். அகலமும் உயரமும் கொண்ட ஒரு பெட்டியை நெடுஞ்சாலையில் தள்ளிக்கொண்டு போவதற்கு இயற்பியல் கேட்கும் விலை அதிகம்.

ஃபோக்ஸ்வாகனின் ஐ.டி. பஸ் (ID. Buzz) என்ற மின் வேனை எடுத்துக்கொள்வோம். (நம் எழுத்தில் எழுதினால் அது பேருந்தாகிவிடுகிறது, என்ன செய்ய!) வேனுக்கு வியக்கத்தக்க வகையில் அதன் காற்றெதிர்ப்புக் கெழு (வடிவம் காற்றை எவ்வளவு எளிதாக விலக்குகிறது என்று காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 0.285 மட்டுமே. ஆனால் அந்த எண்ணோடு முகப்புப் பரப்பையும், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் பரப்பையும், பெருக்கியாக வேண்டும். பரப்பை 3 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டர் செல்லக் காற்றை விலக்குவதற்கு மட்டும் சுமார் 7 யூனிட் வேண்டும். வேகத்தை 110 ஆக உயர்த்தினால் அது 13 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது, ஏனெனில் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. இரண்டரை டன் எடைக்கான டயர் உராய்வு இன்னொரு 7 யூனிட். மோட்டாரிலும் மின்னணுவிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், நூறு கிலோமீட்டருக்கு 80 வேகத்தில் 16 யூனிட்டும் 110 வேகத்தில் 23 யூனிட்டும் ஆகும். 77 யூனிட் பேட்டரி முதல் வேகத்தில் 480 கிலோமீட்டர் தரும், இரண்டாவதில் 330 தரும். இது மிதமான வெயிலில், எதிர்காற்று இல்லாமல், கூரை மேல் எதுவும் கட்டாமல் கிடைக்கும் கணக்கு.

ஆகவே அடிக்கடி ஒரே மூச்சில் 400 கிலோமீட்டர் போக வேண்டியவர் என்றால், தாழ்ந்த உருவம் கொண்ட மின் கார் அதே பேட்டரியில் உங்களை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோகும். நீங்கள் போகும் நிகழ்ச்சிகள் எவ்வளவு தொலைவில் நடக்கின்றன என்று எழுதவில்லையே?

நெடுவழி:

பெரும்பாலும் அறுபது எழுபது கிலோமீட்டருக்குள். மாதத்தில் ஓரிரு முறை 200 வரை போகும், ஆனால் அங்கே போனால் நாள் முழுவதும் வண்டி நின்றுகொண்டுதான் இருக்கும்.

காற்றெதிர்ப்பு:

அப்படியானால் நான் போட்ட கணக்கு உங்களுக்கு எதிராகப் பேசவில்லை.

டீசல்காரன்:

இந்த இழையில் யாராவது ஒருவர் கசப்பாகப் பேச வேண்டும், அந்தப் பணியை நான் ஏற்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக வேன் ஓட்டுகிறேன், அதில் பத்து ஆண்டுகள் அதற்குள் பொருள் ஏற்றிப் பிழைத்திருக்கிறேன். ‘பல்பயன்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முதலில் இடுப்பு வலிக்கிறது. இருக்கைகளைக் கழற்றினால் பெரிய சரக்கறை கிடைக்கும் என்பார்கள். கழற்றிய இருக்கையை யார் தூக்குவது, எங்கே வைப்பது, மாலையில் அம்மாவை அழைத்துவர வேண்டுமென்றால் அதைத் திரும்ப மாட்டுவது யார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். நான் வைத்திருந்த வேன் ஒன்றின் மூன்று பேர் அமரும் இருக்கையை முதல் மாதம் நான்கு முறை கழற்றினேன். அதன் பிறகு விற்கும் நாள் வரை அது ஒரே இடத்தில்தான் இருந்தது.

சில வண்டிகளில் அந்த வசதியும் கிடையாது. இப்போது பேசிய அதே ஐ.டி. பஸ் வண்டியின் இரண்டாம் வரிசையைக் கழற்ற முடியாது, மடக்கவும் முன்னும் பின்னும் நகர்த்தவும்தான் முடியும். நீளமான வகையில் மூன்றாம் வரிசையை எடுக்கலாம். அதன் முகத்தைப் பார்த்ததும் பலருக்கு 1950இல் தயாரிப்புக்கு வந்த அதே நிறுவனத்தின் பழைய ‘டைப் 2’ வேன் நினைவுக்கு வந்து மனம் இளகிவிடுகிறது. அந்த இளக்கத்தைக் கழித்துவிட்டு, கதவின் அகலத்தையும் தளத்தின் நீளத்தையும் பாருங்கள்.

இன்னொன்று எடை. 80 யூனிட் அளவுள்ள பேட்டரித் தொகுப்பு ஏறத்தாழ 500 கிலோ. வண்டியும் சுமையும் சேர்ந்து இருக்க அனுமதிக்கப்பட்ட மொத்த எடை முன்கூட்டியே முடிவாகிவிட்ட ஒன்று. வண்டியும் பேட்டரியும் எடுத்துக்கொண்டதைக் கழித்து மிஞ்சுவதில்தான் நீங்களும் உங்கள் குடும்பமும் பொருள்களும் அடங்க வேண்டும். படுக்கை, அலமாரி, தண்ணீர்த் தொட்டி என்று உள்ளே தச்சு வேலை செய்தபின் எடை மேடையில் ஏற்றிப் பார்த்து அதிர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, ஆண்டில் பத்து இரவு தங்குவதற்காக மீதி 355 நாளும் ஒரு பெரிய பெட்டியை நகர நெரிசலில் ஓட்டுவது சரிதானா என்று யோசியுங்கள்.

தாழ்தளம்:

டீசல்காரன் ஐயா, இருக்கையைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் பல்பயன் என்பது கழற்றி மாட்டுவது மட்டும்தானா? என் கணவர் ஆறு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறார். முன்பு எங்களிடம் இருந்த காரில், நாற்காலியிலிருந்து அவரை இருக்கைக்கு மாற்றி, நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்து, இறங்கும் இடத்தில் மறுபடியும் அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். மழையில் அதை இருமுறை செய்துவிட்டால் அன்றைக்கு வெளியே போகும் எண்ணமே போய்விடும்.

எங்களைப் போன்றவர்களுக்கு மின் வேனின் கவர்ச்சி அதன் தளத்தில் இருக்கிறது. இஞ்சினோ, பின்சக்கரத்துக்குச் செல்லும் நீண்ட தண்டோ, புகைக்குழாயோ கீழே இல்லாததால், மின் வண்டிக்கென்றே முதலிலிருந்து வடிவமைத்தவர்கள் தளத்தைத் தட்டையாகவும் தாழ்வாகவும் அமைக்க முடிகிறது. 2025இல் அறிமுகமான கியா பி.வி.5 வண்டியில் பக்கக் கதவு வழியாக ஏறும் படியின் உயரம் 399 மில்லிமீட்டர்தான். அதில் சக்கர நாற்காலிக்கென்றே பக்கவாட்டுச் சாய்தளத்துடன் ஒரு வகையும் இருக்கிறது. பக்கவாட்டில் ஏறுவது ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். பின்பக்கச் சாய்தளம் என்றால் ஓடும் சாலையில் இறங்கிப் பின்னால் வர வேண்டும், பக்கவாட்டில் என்றால் நடைபாதையிலேயே இறங்கலாம். ஆனால் பக்கத்தில் இன்னொரு வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டால் சாய்தளத்தை விரிக்க இடமிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நெடுவழி, உங்கள் அம்மா நாற்காலியில் அமர்ந்தபடியே பயணம் செய்ய வேண்டுமா, அல்லது இருக்கைக்கு மாறி அமர அவரால் முடியுமா? இந்த ஒரு விடையைப் பொறுத்து நீங்கள் பார்க்க வேண்டிய வண்டியே மாறிவிடும். அமர்ந்தபடியே என்றால், நாற்காலியைத் தளத்தோடு பிணைக்கும் பட்டைகளும் அவருக்கான தனி இருக்கைப் பட்டையும் தயாரிப்பிலேயே பொருத்தப்பட்டதாக இருக்கட்டும். தளத்துக்கு அடியில் பேட்டரி இருக்கும் வண்டியில் கண்ட இடத்தில் துளையிட்டுப் பொருத்துவது ஆபத்தானது.

நெடுவழி:

தாழ்தளம் அம்மா, மிக்க நன்றி. கையைப் பிடித்துக்கொண்டால் அம்மாவால் இருக்கைக்கு மாற முடிகிறது, ஆனால் உயர்ந்த படி ஏற முடியாது. நாற்காலியை மடக்காமல் அப்படியே உள்ளே தள்ளிவிட முடிந்தாலே எங்களுக்குப் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். துளையிடுவதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

பெட்டிவண்டி:

டீசல்காரனுக்கு ஒரு பதில். நானும் இருக்கையைக் கழற்றுவதில்லை. மடக்கிய இருக்கையின் மட்டத்துக்கு ஒரு பலகையும் அதன் மேல் மூன்று மடிப்பு மெத்தையும் போட்டுக்கொள்கிறேன். இரண்டும் சேர்ந்து முப்பது கிலோவுக்குள் அடங்கும், இரண்டு நிமிடத்தில் வெளியே எடுத்துவிடலாம். நிலையான அலமாரி எதையும் பொருத்தவில்லை. ஒரு வேலைக்கென்று ஆணி அடித்துவிட்டால் அது அந்த ஒரு வேலைக்கான வண்டியாகிவிடும்.

அதைவிட, புதிதாக வாங்குபவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு குறையைச் சொல்கிறேன். மின் வண்டி ‘விழித்திருக்கும்’ நிலையில் அதன் கணினிகளும் மின்மாற்றும் கருவிகளும் தாமாகவே சில நூறு வாட் எடுத்துக்கொண்டிருக்கும். கைப்பேசிக்கும் ஒரு சிறு விளக்குக்கும் பத்து வாட் போதும் என்றாலும், அதற்காக வண்டியை இரவு முழுவதும் விழிக்க வைத்தால் விடியும்போது இரண்டு மூன்று யூனிட் காணாமல் போயிருக்கும். முதல் பயணத்தில் எங்கே கசிகிறது என்று புரியாமல் நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது இன்றும் என் மனைவிக்குச் சிரிப்பு. சிறு தேவைகளுக்குக் கையடக்க பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே சிக்கனம். உட்புறத்தைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ சமைக்கவோ மட்டும் பெரிய பேட்டரியை எழுப்பினால் போதும். ‘தங்கும் முறை’ என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கிறதா, சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறதா என்பதை வாங்குமுன் ஒரு மணி நேரம் உள்ளே அமர்ந்து பார்த்துவிடுங்கள்.

சுமைக்காரர்:

நான் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். வண்டி என்னுடையதன்று, நிறுவனத்துடையது. ஆனால் நாளுக்கு எட்டு மணி நேரம் அதில்தான் வாழ்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு நாளில் 150 இடங்களில் நிற்கிறேன் என்று வையுங்கள். இரண்டரை டன் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 0.067 யூனிட். டீசலில் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அது பிரேக் கட்டையில் வெப்பமாகிப் போகும். 150 முறை என்றால் 10 யூனிட். மின் வேன் அதில் ஐந்தாறு யூனிட்டைத் திரும்ப பேட்டரிக்குள் தள்ளிவிடுகிறது. நகரத்துக்குள் அந்தக் கனமான உடல் ஒரு குறையாகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் மாலையில் எனக்கு உறைப்பது மின்சாரக் கணக்கு அன்று. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, அதிர்வு இல்லை. இடது முழங்கால் வலி நின்று ஓராண்டாகிறது.

மின்மாற்றி:

மின்சாரத்தை வெளியே எடுப்பதைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகப் பேசவில்லை. படமெடுப்பவர் என்றால் நெடுவழிக்கு அதுதான் முதன்மையானதாக இருக்கும்.

மின் வேன் என்ற எண்ணம் புதிதன்று. 1972இலேயே ஃபோக்ஸ்வாகன் தன் பழைய வேனில் ஈய அமில பேட்டரிகளை ஏற்றி ஒரு மின் வண்டியைக் காட்டியது. 880 கிலோ பேட்டரியில் கிடைத்தது 21.6 யூனிட், ஓடிய தூரம் சுமார் 85 கிலோமீட்டர். சரக்கு ஏற்றும் வண்டி தன் பேட்டரியையே சரக்காகச் சுமந்துகொண்டு திரிந்தது. இன்று அதைவிட மிகக் குறைந்த எடையில் மூன்றரை மடங்கு மின்சாரம் கிடைக்கிறது. வண்டியை ஓட்டியது போக எஞ்சியதை வேறு வேலைக்குக் கொடுக்கும் தாராளம் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வந்தது.

2014இல் 24 யூனிட் பேட்டரியுடன் வந்த நிசான் இ-என்.வி.200 வேனின் சார்ஜ் செய்யும் துளை இருவழியாகவும் மின்சாரத்தைக் கடத்த வல்லது. டென்மார்க்கின் ஃபிரெடரிக்ஸ்பெர்க் நகரில் 2016இல் அத்தகைய பத்து வேன்களை, ஓடாத நேரங்களில் மின் கட்டமைப்பின் ஏற்ற இறக்கத்தைச் சீர்செய்ய இணைத்துவைத்தார்கள். நிற்கும் வேன் சம்பாதிக்கவும் செய்யும் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி. ஆனால் வீட்டளவில் அதைச் செய்யத் தனிக் கருவியும் மின்வாரிய அனுமதியும் வேண்டும், எனவே அதை எண்ணி வண்டி வாங்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது அதைவிட எளிமையானது: வண்டியிலேயே சாதாரண பிளக் செருகும் வசதி. ஃபோர்டு இ-டிரான்சிட் வண்டியில் விருப்பத் தேர்வாக 2.3 கிலோவாட் வரை எடுக்கலாம். 2021இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என்ற கார் 3.6 கிலோவாட் வரை கொடுத்தது, அதே குழுமத்தைச் சேர்ந்த கியாவின் பி.வி.5 வேனிலும் இவ்வசதி உண்டு. 300 வாட் எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டை ஐந்து மணி நேரம் எரியவிட்டால் உங்களுக்கு 3 யூனிட்தான் செலவு. ஜெனரேட்டர் ஓடும் ஒலி நிகழ்பதிவில் விழாது, மின் இணைப்பு எங்கே என்று மண்டபம் முழுவதும் தேடி நீண்ட ஒயர் இழுக்கவும் வேண்டாம். ஆனால் இந்த வசதி வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது. ஒரே மாதிரியின் சரக்கு வகையில் இருந்து பயணிகள் வகையில் இல்லாமலும் போகலாம். ‘இருக்கிறது’ என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், உங்கள் விளக்கையே எடுத்துச் சென்று செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நெடுவழி:

இப்போது எனக்கு ஓரளவு தெளிவு பிறந்திருக்கிறது. வெளியே படமெடுக்கும்போது ஜெனரேட்டருக்கும் அதைச் சுமக்கும் உதவியாளருக்கும் நான் செய்யும் செலவை இதுவரை வண்டிக் கணக்கில் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இன்னும் இரண்டு ஐயங்கள்: வீட்டில் சாதாரண பிளக்கில் சார்ஜ் செய்து சமாளிக்க முடியுமா? பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும்?

மின்மாற்றி:

சாதாரண பிளக்கில் 2.3 கிலோவாட் என்று கொண்டால், முழுக்கக் காலியான 77 யூனிட் பேட்டரி நிரம்ப ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். ஆனால் நீங்கள் ஒவ்வொரு நாளும் காலி செய்யப் போவதில்லை. 120 கிலோமீட்டர் ஓடிய நாளில் 25 யூனிட் குறையும், அதை நிரப்பவே ஏறத்தாழ பதினொரு மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் என்றால் எப்படியோ சமாளிக்கலாம், ஆனால் தனி இணைப்பில் 7 அல்லது 11 கிலோவாட் சார்ஜர் வைத்துக்கொள்வதே நிம்மதி. நாள்தோறும் பல மணி நேரம் முழுச் சுமையைத் தாங்கும் வகையில் பழைய பிளக்குகள் அமைக்கப்படவில்லை.

பேட்டரிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் குறையாது என்று உறுதியளிக்கின்றன. அப்படிக் குறைந்தாலும் உங்கள் ஓட்டத்துக்கு அது போதும்.

டீசல்காரன்:

நெடுவழியின் தேவைக்கு இது பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு வேன் வாரத்தில் நான்கு நாள் பெட்டியாகவே வேலை செய்யப் போகிறது, இரவுத் தங்கல் அதன் மேல் கிடைக்கும் இலவசம். தங்கலுக்காக மட்டும் வாங்குபவர்களுக்கு நான் சொன்னது இன்னும் அப்படியே நிற்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் வண்டி நிறுத்தும் இடம் தரைக்குக் கீழேயா? இந்த வேன்களின் உயரம் பெரும்பாலும் 1.9 மீட்டரைத் தொடும் அல்லது தாண்டும். நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயரத்தை நம்பாதீர்கள். உள்ளே குழாய் தொங்கும்.

நெடுவழி:

தரைக்குக் கீழேதான். நேற்று இரவு அளவு நாடாவுடன் இறங்கினேன். நுழைவாயில் 2.10 மீட்டர், என் இடத்துக்கு நேர் மேலே ஓடும் தண்ணீர்க் குழாயின் அடிப்பகுதி 1.99 மீட்டர். வண்டி நுழையும், ஆனால் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு குழாயில் இடிக்கும். ஆகவே பின்கதவு இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் திறக்கும் வகைகளை மட்டும் பார்க்கப் போகிறேன். வரும் சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கப் பதிவு செய்திருக்கிறேன். அம்மாவும் நாற்காலியும் இரண்டு விளக்குகளும் என்னுடன் வருகின்றன.